செவிமடலும் செவிப்புலனும்

தமிழில் பாம்புக்குக் 'கட்செவி' என்றொரு பெயர் உண்டு. கண்ணையே செவியாகக் கொண்டது என்பது அதன் பொருள். பாம்பின் தலையில் எங்குத் தேடினும் காது தென்படாமையால், அது கண்ணாலேயே கேட்கிறது போலும் என்று முன்னோர் கருதினர். அதே வேளையில், மெல்லிய ஓசையையும் தவறவிடாத ஒருவரைப் 'பாம்புச் செவி உடையவர்' எனக் கூறும் வழக்கும் நம்மிடையே இருக்கிறது. காதே காணப்படாத ஓர் உயிருக்குக் கூர்மையான கேள்வியை உரித்தாக்கிய இதே மொழி, யானையின் செவிகளை முறத்துக்கு ஒப்பிட்டது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து எண்ணும்போது ஒரு வினா தானாகவே எழுகிறது. காதின் அளவுக்கும் வடிவுக்கும் கேட்கும் ஆற்றலுக்கும் உண்மையில் தொடர்பு உண்டா? காது பெரிதாயின் கேள்வியும் பெரிதாகுமா?

இது வேடிக்கைக்காக எழுப்பப்படும் வினா அன்று. பிறந்த குழந்தையின் காது அழகாக அமைந்திருப்பதைக் கண்டு அதன் செவிப்புலனில் குறையிராது என்று நம்பிவிடும் பெற்றோர் பலர். காது மடல் உருக்குறைந்து பிறந்த குழந்தையைக் கண்டு, இது இனிக் கேட்கவே கேட்காது என்று மனமொடிந்து போவோரும் உளர். இவ்விரு முடிவுகளுமே தவறாக இருக்கலாம். புறத்தே தெரியும் உறுப்பு எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்பதை அறிந்தால்தான் இத்தகைய பிழைகளைத் தவிர்க்க இயலும்.

ஒலி செல்லும் வழி

மனிதச் செவியை மூன்று பகுதிகளாகப் பிரித்துக் கூறுவது மரபு. செவிமடலும், ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள செவிக்குழலும் புறச்செவி எனப்படும். அக்குழலின் முடிவில் செவிப்பறை உள்ளது. அதற்கு அப்பால் நடுச்செவியில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் ஒன்றோடொன்று பிணைந்து நிற்கின்றன. இவற்றுள் அங்கவடி எலும்பே மனித உடலின் மிகச் சிறிய எலும்பு. அதன் நீளம் சுமார் 3 மில்லிமீட்டர்தான். அதற்கும் உள்ளே, திரவம் நிரம்பிய நத்தை வடிவக் குழல் அமைந்திருக்கிறது. அதனை நேராக நீட்டினால் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் இருக்கும். கேட்டல் என்னும் செயல் உண்மையில் நிகழத் தொடங்குவது இங்கேதான். இக்குழலினுள் வரிசை வரிசையாக நிற்கும் மயிரணுக்கள் அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றி மூளைக்கு அனுப்புகின்றன.

இவ்வமைப்பில் ஓர் இடர்ப்பாடு உண்டு. காற்றில் வரும் ஒலி நேரடியாகத் திரவத்தின் மீது மோதினால் அதன் ஆற்றலில் ஏறத்தாழ முழுவதுமே திருப்பியடிக்கப்பட்டுவிடும்; ஆயிரத்தில் ஒரு பங்களவே உள்ளே நுழையும். நீரில் மூழ்கியிருப்பவருக்குக் கரையில் பேசுவோரின் குரல் கேளாமைக்கு இதுவே காரணம். நடுச்செவி இவ்விழப்பை ஈடு செய்கிறது. செவிப்பறையின் பரப்பு அங்கவடியின் அடிப்பகுதியைப்போல் சுமார் 17 மடங்கு பெரிது. பெரிய பரப்பில் விழும் விசை சிறிய பரப்பில் குவிக்கப்படுவதாலும், எலும்புகள் நெம்புகோல் போல் இயங்குவதாலும் அழுத்தம் இருபது மடங்குக்கு மேல் உயர்கிறது. ஆகவே கேட்கும் திறனுக்கு அடிப்படையானவை மறைந்து கிடக்கும் இவ்வுறுப்புகளே. மடலின் பணி வேறு.

அப்பணியைப் பற்றி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சிந்தித்தவர் இப்னு சீனா (980–1037). தமது 'அல்கானூன் ஃபித்திப்' என்னும் மருத்துவப் பெருநூலில் காது நோய்களைப் பற்றிப் பேசப் புகுமுன், காதின் படைப்பமைதியை அவர் விளக்குகிறார். மடல் சிப்பியைப் போல் வளைந்திருப்பது ஒலியைத் தடுத்து நிறுத்தி அதனை ஒலிக்கச் செய்வதற்காக என்றும், உள்ளே செல்லும் துளை சுழன்றும் கோணியும் செல்வது காற்றின் பயண தூரத்தை நீட்டி, மிகுந்த வெப்பமும் குளிரும் திடீரெனத் தாக்காமல் காப்பதற்காக என்றும் அவர் கருதினார். வடிவத்துக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று அவர் கொண்ட அணுகுமுறை, பிற்காலக் கருவிகள் வந்தபின் எண்களால் மெய்ப்பிக்கப்பட்டது. செவிக்குழலும் மடலின் நடுவேயுள்ள கிண்ணம் போன்ற குழிவும் 2500 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைச் சில இடங்களில் 10 முதல் 15 டெசிபல் வரை உயர்த்தித் தருகின்றன. பேச்சில் ஒரு மெய்யெழுத்தை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய உதவும் நுண்ணொலிகள் பல இவ்வெல்லைக்குள்ளேயே அடங்குகின்றன.

மடிப்புகளின் பயன்

ஒலியைச் சேர்ப்பது மட்டுமே மடலின் பணியாயின், அது வழவழப்பான புனலைப் போல் இருந்தால் போதும். இத்தனை மேடுபள்ளங்கள் எதற்கு? விடை, ஒலி வரும் திசையை அறிவதில் இருக்கிறது.

வலமா இடமா என்பதை இரு காதுகளும் ஒத்துழைத்துக் கண்டறிகின்றன. வலப்புறத்துப் பள்ளிவாசலிலிருந்து வரும் பாங்கொலி இடக்காதைவிட வலக்காதைச் சற்று முன்னரே எட்டும். இவ்வேறுபாடு மிகுதியாயிருக்கும் நிலையிலும் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான். ஆயினும் மூளைக்கு அது போதும். ஆனால் நேர் எதிரே ஒலிப்பதும், தலைக்கு நேர் மேலே ஒலிப்பதும், பின்புறம் ஒலிப்பதும் இரு காதுகளையும் ஒரே நேரத்தில் அடைகின்றன. இவற்றைப் பிரித்தறிய உதவுபவையே மடலின் மடிப்புகள். அவற்றில் பட்டுத் திரும்பும் ஒலி, நேரே நுழையும் ஒலியோடு கலந்து சில அதிர்வெண்களை வலுப்படுத்தி, சிலவற்றை நலிவிக்கிறது. ஒலி வரும் உயரத்துக்கேற்ப இக்கலவையும் மாறுகிறது. ஒவ்வொருவரும் தம் காதின் இக்கையொப்பத்தைப் பிள்ளைப் பருவத்திலிருந்தே பயின்று வைத்திருக்கின்றனர்.

1998 ஆம் ஆண்டு நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனை இதனை ஐயமற நிறுவியது. சிலருடைய மடல்களின் குழிவுகளில் சிறு அச்சுகளைப் பொருத்தி அவற்றின் வடிவை மாற்றினர். உடனே அவர்களால் ஒலியின் உயரத்தைக் கணிக்க இயலாமற் போயிற்று. வலம் இடம் அறியும் ஆற்றலோ பெரிதும் குன்றவில்லை. அச்சுகளைக் கழற்றாமலே அன்றாட வாழ்வை நடத்தியபோது, சில வாரங்களில் இழந்த திறனை மீண்டும் பெற்றனர். இதனினும் வியப்பானது பின்னர் நிகழ்ந்தது. அச்சுகளை அகற்றியதும் பழைய காதின் கணக்கு அழியாமல் அப்படியே பயன்பட்டது. ஒரு மொழியைக் கற்றவர் தாய்மொழியை மறவாதது போல், மூளை இரண்டு காதுகளின் கணக்கையும் ஒருங்கே வைத்திருந்தது. ஆகவே மடலின் வடிவம் தனித்து நின்று பயன் தருவதன்று; அதனைப் படித்தறியும் மூளையோடு சேர்ந்தே பயன் தருகிறது.

தலையின் அகலம்

விலங்குகளை ஒப்பிடும்போது, மடலின் அளவைவிட இரு காதுகளுக்கும் இடைப்பட்ட தூரமே முதன்மையானது என்பது 1969 ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் மாஸ்டர்டன், ஹெஃப்னர், ரவிட்சா ஆகியோர் எடுத்துக்காட்டிய கருத்து. தலை சிறுத்த பாலூட்டிகள் மிக உயர்ந்த அதிர்வெண்களைக் கேட்கின்றன. தலை பெருத்தவற்றுக்கு அந்த உயர் எல்லை தாழ்ந்துவிடுகிறது.

காரணம் எளிது. நீண்ட அலை சிறிய தடையை வளைந்து கடந்துவிடும். குறுகிய அலைக்கே அத்தடை நிழலை உண்டாக்கும். 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 34 சென்டிமீட்டர். சுண்டெலியின் தலை அதற்கு ஒரு பொருட்டே அன்று. 50,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ 7 மில்லிமீட்டருக்கும் குறைவு. அத்தகைய ஒலிதான் சுண்டெலியின் ஒரு காதில் உரத்தும் மறு காதில் மெலிந்தும் விழும். திசையறிய வேண்டுமானால் அச்சிற்றுயிர் உயர்ந்த ஒலியைக் கேட்டே ஆக வேண்டும். மனிதனின் எல்லை 20,000 ஹெர்ட்ஸ். நாய்க்குச் சுமார் 45,000. பூனைக்குச் சுமார் 85,000.

மறுகோடியில் நிற்பது யானை. 1980 ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்றில் ஓர் இளம் ஆசிய யானையின் செவிப்புலன் முறைப்படி அளக்கப்பட்டது. 17 ஹெர்ட்ஸ் என்னும் தாழ்ந்த ஒலியை அது கேட்டது. ஆனால் 10,500 ஹெர்ட்ஸுக்கு மேல் அதன் செவி எட்டவில்லை. உலகின் மிகப் பெரிய மடலை உடைய விலங்குக்கு, நாம் கேட்கும் உயரொலிகளில் ஒரு பெரும் பகுதி கேளாது. ஈடாக, நமக்குக் கேளாத ஆழ்ந்த உறுமல்களால் யானைகள் ஒன்றோடொன்று தொடர்பு கொள்கின்றன என்பதைக் கேட்டி பெய்ன் 1980களில் கண்டறிந்தார். தாழ்ந்த ஒலி காட்டினூடே நெடுந்தொலைவு செல்லும்.

இவ்விதிக்கு விலக்குப் போல் தோன்றி, உண்மையில் அதனை உறுதிப்படுத்தும் சான்றும் உண்டு. வாழ்நாள் முழுவதையும் மண்ணுக்கடியில் வளைகளிலே கழிக்கும் குருட்டு எலியின் தலை சிறிது. எனினும் அதன் எல்லை சுமார் 6000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. ஒலி முன்னிருந்து அல்லது பின்னிருந்து மட்டுமே வரக்கூடிய குறுகிய வளைக்குள் திசையறியும் தேவை இல்லை. தேவையற்ற திறன் காலப்போக்கில் கைவிடப்பட்டது.

பெரிய மடல்களின் வேறு பணிகள்

அப்படியாயின் யானைக்கு அத்துணைப் பெரிய மடல் எதற்கு? தாழ்ந்த ஒலிகளைத் திரட்டுவதில் அதற்குச் சிறு பங்கு இருக்கலாம். ஆனால் அதன் தலையாய பணி உடல் வெப்பத்தைத் தணிப்பது. பேருடல் கொண்ட விலங்கின் எடைக்கு ஒப்பிடும்போது அதன் தோற்பரப்பு குறைவு. வெப்பம் வெளியேற வழி போதாது. மெல்லிய மடலில் குருதி நாளங்கள் அடர்ந்து பரந்துள்ளன. மடலை வீசும்போது குருதி குளிர்ந்து உடலுக்குத் திரும்புகிறது. வெயில் கொளுத்தும் வெட்டவெளியில் திரியும் ஆப்பிரிக்க யானையின் மடல், நிழல் மிகுந்த காடுகளில் வாழும் ஆசிய யானையின் மடலைவிடப் பெரிதாயிருப்பது இதற்குப் பொருத்தமாகவே அமைகிறது.

சகாராப் பாலைவனத்தின் சிறு நரி ஒன்று ஃபென்னக் எனப்படுகிறது. 'ஃபனக்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது இப்பெயர். ஒன்றரைக் கிலோ எடையே உள்ள இந்நரியின் காது 15 சென்டிமீட்டர் வரை வளரும். இங்கே மடல் இரண்டு பணிகளை ஏற்றிருக்கிறது. ஒன்று வெப்பம் தணித்தல். மற்றொன்று மணலுக்கடியில் நெளியும் பூச்சிகளின் மெல்லிய அசைவைச் செவிமடுத்தல். இதே பாலை வாழ்வுக்கு அமெரிக்காவின் கங்காரு எலி முற்றிலும் வேறான வழியைக் கண்டது. அதன் மடல் சிறிது. ஆனால் மண்டையோட்டினுள் நடுச்செவியின் அறை மிகவும் பருத்திருக்கிறது. ஆந்தையின் சிறகசைவும் பாம்பின் பாய்ச்சலும் எழுப்பும் தாழ்ந்த ஒலிகளை அவ்வறையின் துணையால் உணர்ந்து அது தப்புகிறது என்பதை வெப்ஸ்டர் என்னும் ஆய்வாளர் 1962 இல் காட்டினார். புறத்தே காதைப் பார்த்து அகத்தே உள்ளதை அளவிட முடியாது என்பதற்கு இது நல்ல சான்று.

குதிரையும் பசுவும் இன்னொரு பாடத்தைத் தருகின்றன. இரண்டும் எப்புறமும் திரும்பவல்ல பெரிய மடல்களைப் பெற்றவை. ஆயினும் ஒலி எழும் திசையைத் துல்லியமாகக் கணிப்பதில் அவை பின்தங்கியே உள்ளன. மனிதனும் யானையும் ஏறத்தாழ ஒரு பாகை வேறுபாட்டையும் உணர்வர். பூனைக்கு ஐந்து பாகை அளவு போதும். குதிரைக்கும் பசுவுக்குமோ இருபத்தைந்து முதல் முப்பது பாகை வரை வேண்டியிருக்கிறது. ஹெஃப்னர் இணையர் இதற்குத் தந்த விளக்கம் சிந்தனைக்குரியது. ஒலி கேட்டதும் கண்ணை எங்கே திருப்புவது என்பதைச் சொல்வதே காதின் முதற்பணி. மனிதனின் கூரிய பார்வை ஒரு சிறு புள்ளியில் குவிவது. ஆகவே காது துல்லியமாக வழிகாட்ட வேண்டும். மேய்ச்சல் விலங்கோ அடிவானத்தின் பெரும்பகுதியை ஒருங்கே தெளிவாகக் காண்பது. அதற்குத் தோராயமான குறிப்பே போதும். செவியின் திறன் கண்ணின் தேவையால் வரையறுக்கப்படுகிறது!

மடலில்லாச் செவிகள்

பறவைகளுக்கு மடல் இல்லை. கொம்பன் ஆந்தையின் தலையில் காது போல் நிமிர்ந்திருப்பவை இறகுக் கற்றைகளே. ஆனால் இரவு வேட்டையில் கூகைக்கு நிகர் அரிது. முற்றிருளில் வெறும் ஒலியைக் கொண்டே அது எலியைப் பிடிக்கும் என்பதை ரோஜர் பெய்ன் சோதனையால் காட்டினார். வட்டமாகக் குழிந்த அதன் முகமே ஒலியைத் திரட்டும் மடலாகிறது. மேலும், அதன் இடச்செவித் துளை வலச்செவித் துளையைவிடச் சற்று உயரத்தில் அமைந்துள்ளது. இதனால் மேலிருந்து வரும் ஒலி ஒரு காதிலும், கீழிருந்து வரும் ஒலி மறு காதிலும் உரத்து விழுகிறது. நாம் மடிப்புகளால் அறிவதைக் கூகை சமச்சீரின்மையால் அறிகிறது.

பூச்சியுலகில் இவ்வியப்பு மேலும் பெருகுகிறது. சுவர்க்கோழியின் காது அதன் முன்காலில் இருக்கிறது. அச்சுவர்க்கோழியின் ஓசையைக் கேட்டுத் தேடிவரும் ஒட்டுண்ணி ஈயான ஓர்மியாவின் இரு செவிப்பறைகளுக்கும் இடையே அரை மில்லிமீட்டர் தூரம்தான். இவ்வளவு நெருங்கிய காதுகளால் திசையறிதல் இயலாது என்றே கணக்குச் சொல்லும். ஆனால் அவ்விரு பறைகளும் ஒரு சிறு பாலத்தால் இணைக்கப்பட்டு, ஏற்றப்பலகை போல் ஆடி, நுண்ணிய நேர வேறுபாட்டைப் பெருக்கிக் காட்டுகின்றன. அதனால் அந்த ஈ இரண்டு பாகைத் துல்லியத்தோடு இலக்கை அடைகிறது. தேனடையை அரிக்கும் மெழுகு அந்துப்பூச்சியோ 3,00,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என 2013 இல் கண்டறியப்பட்டது. எந்த வௌவாலின் ஒலியும் அவ்வளவு உயரத்தை எட்டுவதாக அறியப்படவில்லை.

இனிக் கட்செவிக்கு வருவோம். பாம்புக்குப் புறச்செவியும் செவிப்பறையும் இல்லை. ஆனால் உட்செவி உண்டு. அதனோடு இணைந்த ஒற்றை எலும்பு தாடையைத் தொட்டு நிற்கிறது. தரையின் அதிர்வும், காற்றில் வரும் தாழ்ந்த ஒலியும் மண்டையோட்டை அதிரச் செய்வதால் அது உணர்கிறது. எனவே பாம்பு செவிடு என்பதும் சரியன்று. பாம்புச் செவி என்று நாம் புகழ்வதும் மிகையே.

மனிதனுக்கான பாடம்

காதுடைய விலங்குகளில் மனிதன் ஒருவனே அதனை அசைக்க இயலாதவன் என்று அரிஸ்டாட்டில் எழுதினார். மடலை இயக்கும் தசைகள் நம்மிடம் எச்சமாகவே உள்ளன. ஆயினும் இரைச்சலுக்கிடையே ஒருவர் பேச்சை உன்னிப்பாகக் கேட்கும்போது அத்தசைகள் இன்றும் மெல்லத் துடிக்கின்றன என்பதை ஜெர்மனியின் சார்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020க்குப் பின் பதிவு செய்துள்ளனர். மடலைத் திருப்ப இயலாத நாம் தலையைத் திருப்புகிறோம். கையைக் குவித்துக் காதருகே வைக்கிறோம். பின்னது பயனுள்ள செயலே. சில டெசிபல் கூடுதலாகக் கிடைக்கிறது.

முதுமையில் மடல் நீளும் என்பதும் மெய். 1995 இல் இங்கிலாந்தில் முப்பது வயதைக் கடந்த 206 பேரை அளந்த மருத்துவர் ஒருவர், காது ஆண்டுக்குச் சராசரி 0.22 மில்லிமீட்டர் நீள்வதாகக் கணித்தார். ஆனால் மடல் வளரும் அதே காலத்தில் கேள்வி தேய்கிறது. உட்செவியின் மயிரணுக்கள் ஒவ்வொன்றாக அழிய, உயரொலிகள் முதலில் மறைகின்றன. கோழி போன்ற பறவைகளில் அழிந்த மயிரணுக்கள் மீண்டும் முளைக்கும் என்பது 1988 இல் அறியப்பட்டது. மனிதனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. முதுமை மட்டுமன்றிப் பேரிரைச்சலும் அவற்றை அழிக்கும். காதுக்குள் செருகிய கருவியில் உரத்த ஒலியை நாள்தோறும் கேட்கும் இளைஞர், மீளப் பெற முடியாத ஒன்றைச் செலவழிக்கின்றனர். 2050 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 250 கோடிப் பேர் ஏதேனும் ஓரளவில் கேள்விக்குறை உடையவராயிருப்பர் என உலக நலவாழ்வு நிறுவனம் 2021 இல் மதிப்பிட்டது.

செவித்துணைக் கருவி அணியும் முதியவர், பேச்சு கேட்கிறது, ஆனால் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை எனக் குறைப்படுவதுண்டு. அதனை மனக்குறை என ஒதுக்கிவிடலாகாது. காதின் பின்புறம் அமரும் கருவியின் ஒலிவாங்கி மடலுக்கு மேலே இருப்பதால், மடிப்புகள் தரும் குறிப்புகளை அது இழந்துவிடுகிறது. பொறுமையோடு பழகினால் மூளை ஓரளவு ஈடுகட்டும் என்பதற்கு மேற்கூறிய 1998 ஆம் ஆண்டுச் சோதனை நம்பிக்கை தருகிறது. கருவியைச் சில நாளிலேயே பெட்டிக்குள் வைத்துவிடுவது அவ்வாய்ப்பைப் பறிப்பதாகும். அவரோடு பேசுவோரும் பின்னிருந்து அழைக்காமல் முகத்துக்கு எதிரே வந்து பேசுதல் வேண்டும்.

குழந்தைகளைப் பொறுத்தவரை இவ்வறிவு இன்னும் இன்றியமையாதது. கருவில் புறச்செவியும் நடுச்செவியும் ஓரிடத்துத் திசுவிலிருந்தும், உட்செவி வேறோரிடத்துத் திசுவிலிருந்தும் உருவாகின்றன. ஆகவே மடல் சிறுத்தும் குழல் அடைபட்டும் பிறந்த குழந்தைக்குப் பெரும்பாலும் நத்தைக் குழல் நலமாகவே இருக்கும். எலும்பின் வழியே ஒலியைச் செலுத்தும் கருவி கொண்டு அக்குழந்தையைக் கேட்கச் செய்யலாம். மறுபுறம், ஆயிரம் பிறப்புகளில் ஒன்று முதல் மூன்று குழந்தைகள் வரை நிலையான கேள்விக்குறையோடு பிறக்கின்றன; அவற்றுள் பெரும்பாலானவற்றின் மடல்களில் எக்குறையும் தெரியாது. பெற்றோர் ஐயுறுவதற்குள் பேச்சைக் கற்கும் பருவம் கழிந்துவிடுகிறது. ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சைத் தொடக்கம் என்பதே மருத்துவர் வகுத்துள்ள நெறி. சில நிமிடங்களில், வலியேதுமின்றி முடியும் சோதனை அது.

முறம் போன்ற காதும், காணவே முடியாத காதும் அவ்வவ்வுயிரின் தேவைக்கு ஏற்ப அமைந்தவை. அவற்றின் அளவைக் கொண்டு கேள்வியை மதிப்பிட முடியாது என்பதை யானையும் அந்துப்பூச்சியும் நமக்கு உணர்த்துகின்றன. நம் வீட்டில் பிறக்கும் குழந்தையின் காது எத்துணை அழகாக அமைந்திருப்பினும், அது கேட்கிறதா என்பதைச் சோதித்தே அறிய வேண்டும்.